உயர்த்திய வண்டி ஏன் உதறுகிறது?

காலியாக ஓடும் டவுன் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு பள்ளத்துக்கும் உடம்பு இருக்கையை விட்டு எழும்பி விழும். அதே பஸ்ஸில், அதே சாலையில், படிக்கட்டு வரை ஆள் தொங்கும் காலை நேரத்தில் போனால் பள்ளங்களைப் பாதி தூர்த்துவிட்டதுபோல் இருக்கும். லாரி ஓட்டுகிறவர்களுக்கும் இது பழகிய விஷயம். லோடு ஏற்றினால் வண்டி மிதக்கும், இறக்கிவிட்டுத் திரும்பும்போது குதிக்கும். எடை கூடினால் அடியும் கூடத்தானே வேண்டும்? ஏன் குறைகிறது?

இந்தப் புதிர் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது அமெரிக்காவின் அரிசோனாவில். அங்கே வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கியிருந்தார். முந்தைய உரிமையாளர் அதை மூன்று அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர் மாட்டியிருந்தார். கைப்பிடியைப் பிடித்துத் தொற்றித்தான் ஏற வேண்டும். பாலைவனக் கப்பிச் சாலையில் இரண்டு மைல் போவதற்குள், மூடிபோட்ட காகிதக் கோப்பையின் சிறு துளை வழியாகவே காபி துளித்துளியாகத் தெறித்து என் முழங்கால் நனைந்துவிட்டது. "பார்த்தா யானை அம்பாரி மாதிரி இருக்கு, ஏறி உட்கார்ந்தா கட்டை வண்டிதான் அண்ணே" என்றார் அவர்.

அவர் சொன்ன கட்டை வண்டியிலேயே விடையின் ஒரு நுனி இருக்கிறது. நம் ஊரில் இரண்டு வகை மாட்டு வண்டிகள் இருந்தன. கட்டை வண்டியில் அச்சின் மேல் நேராகப் பலகை. வில் வண்டியில் அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகள். பெண் அழைக்க வில் வண்டி, எரு அடிக்கக் கட்டை வண்டி. அந்த இரும்புப் பட்டைகளைத்தான் நம் முன்னோர் வில் என்றார்கள். பிக்கப் டிரக்கின் பின்னச்சில் இன்றும் இருப்பது அதே பட்டை வில்தான். சக்கரத்துக்கும் வண்டி உடலுக்கும் இடையே உள்ள இந்த ஏற்பாடு முழுவதையும், அதாவது சஸ்பென்ஷனை, இங்கே தாங்கமைப்பு என்று அழைக்கிறேன்.

வில்லின் குணத்தைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் கண்டுசொன்னார். எவ்வளவு எடை வைக்கிறோமோ அந்த அளவுக்கு அது அமுங்கும். இரண்டு மடங்கு எடைக்கு இரண்டு மடங்கு அமுக்கம். வண்டியைப் பொறுத்தவரை முக்கியமானது இதிலிருந்து கிளைக்கும் இன்னோர் உண்மை. வண்டி நிற்கும்போது தன் எடையால் வில்லை எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறதோ, அந்த அளவுதான் அது எவ்வளவு வேகமாக மேலும் கீழும் ஆடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, கல்லின் நடுவிலிருந்து பிடிக்கும் இடம் வரை 25 சென்டிமீட்டர் இருக்கும்படி தொங்கவிட்டு ஆட்டுங்கள். ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். தன் எடையால் வில்லை 25 சென்டிமீட்டர் அமுக்கி நிற்கும் வண்டியும் சரியாக அதே வேகத்தில் ஆடும். ஊஞ்சலுக்கும் வில்லுக்கும் கணக்கு ஒன்றுதான். கயிற்றின் நீளம் இருந்த இடத்தில் வில்லின் அமுக்கத்தை வைத்தால் போதும். நூலை ஆறேகால் சென்டிமீட்டராகக் குறுக்கினால் கல் விநாடிக்கு இரண்டு முறை துடிக்கும். நீளம் நாலில் ஒரு பங்கானால் வேகம் இரட்டிப்பு. ஒரு வண்டி தன் போக்கில் விடப்பட்டால் ஆடும் இந்த வேகத்துக்கு இயல்பு அதிர்வெண் என்று பெயர். விநாடிக்கு இத்தனை ஆட்டம் என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள்.

இனி டவுன் பஸ் புதிர் தானே அவிழும். பயணிகள் ஏறினால் வில் கூடுதலாக அமுங்குகிறது, நூல் நீள்கிறது, ஆட்டம் நிதானமாகிறது. பிக்கப்பின் சிக்கலும் இதுவே. நண்பருடையது அமெரிக்கர்கள் முக்கால் டன் என்று பழக்கத்தில் அழைக்கும் வகை. பெயர்தான் முக்கால், இன்றைய வண்டிகள் ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும். அவ்வளவு பாரத்துக்காக விறைப்பாகச் செய்த பின் வில், பெட்டி காலியாக இருக்கும்போது சில சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது. காலிப் பெட்டியோடு அலுவலகம் போய்வரும் பிக்கப், ஒருபோதும் வராத சுமைக்காக நாளெல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

விறைப்பான வில் ஏன் உடம்புக்கு ஆகவில்லை? மனிதர்களை அதிரும் மேடையில் உட்காரவைத்து, அதிர்வின் வேகத்தை மாற்றி மாற்றி எது எவ்வளவு உறுத்துகிறது என்று கேட்டு எழுதிய ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக நடந்திருக்கின்றன. அவற்றின் சாரத்தை ஐஎஸ்ஓ 2631 என்ற பன்னாட்டுத் தரநிலை 1974-இல் தொகுத்தது. உட்கார்ந்திருக்கும் மனிதர் மேல்கீழ் அதிர்வில் மிகவும் துன்பப்படுவது விநாடிக்கு 4 முதல் 8 ஆட்டங்களுக்குள். வயிறும் நெஞ்சும் அந்த வேகத்தில்தான் தாமே சேர்ந்து குலுங்கத் தொடங்குகின்றன. வில் மிகவும் தளர்ந்து ஆட்டம் அரை ஹெர்ட்ஸுக்குக் கீழே போனாலும் ஆகாது; படகுப் பயணத்தில் வரும் குமட்டல் அந்த வேகத்தில் பிறப்பது. ஆகவே காரின் தாங்கமைப்பு ஒன்று முதல் ஒன்றரை ஹெர்ட்ஸ் வரையிலான நடுவழியில் வைக்கப்படுகிறது. காலிப் பிக்கப்பின் பின்பக்கம் இரண்டைத் தொட்டு, சில சமயம் தாண்டியும் நிற்கும்.

இந்தத் துறையில் எனக்குப் பெரும் மதிப்பு உள்ள மனிதர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு 1930-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்துக்கு வந்தவர். சொகுசை அளக்க அப்போது கருவி இல்லை. அவர் ஏழு பேர் அமரும் கெடிலாக் லிமோசின் ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளை மாட்டினார். வில்களின் விறைப்பையும் விருப்பம்போல் மாற்ற வழி செய்தார். பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருமுறை ஏறி உட்கார்ந்து சாலையில் போய்ப் பார்த்தார்கள். அளவுகோல் பொறியாளர்களின் உடம்புதான். சமையல்காரர் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டி நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோன்ற சோதனை அது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்துவைத்தார்கள் என்பதால் அது அறிவியல்.

அதில் கிடைத்த முடிவு எதிர்பாராதது. முன் வில் பின் வில்லைவிடத் தளர்வாக இருந்தால்தான் வண்டி மட்டமாகப் போகும். காரணத்தை யோசித்தால் அழகாகவே இருக்கிறது. மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம், ஆகவே முன்பக்கம் ஆடத் தொடங்கிவிடுகிறது. பின் சக்கரம் சற்றுத் தாமதமாகத்தான் அதே மேட்டுக்கு வரும். பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால், தாமதமாகத் தொடங்கினாலும் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து மேலே போய்ச் சேர்ந்து இறங்கும். பின்பக்கம் மெதுவாக ஆடினால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, வண்டி ஆட்டுக்கல் குழவிபோல் முன்பின்னாகச் சாயும். நம் முதுகு நேர் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும், தலையை முன்னும் பின்னும் வீசும் இந்தச் சாய்வாட்டத்தைப் பொறுக்காது. வண்டியை உயர்த்துகிறவர்கள் கூடவே கனமான இரும்பு பம்பருக்காக முன்னால் மிக விறைப்பான சுருள் வில் போட்டுவிட்டால், ஆலி கண்ட ஒழுங்கு அங்கே கலைந்துபோகிறது.

நண்பரின் வண்டியில் வில் மாற்றப்படவில்லை. முன் சுருள் வில்லின் தலையில் மூன்று அங்குல உருளைக் கட்டை ஒன்றைச் செருகியிருந்தார்கள். ஸ்பேசர் என்பார்கள். பின்னால் அச்சுக்கும் பட்டை வில்லுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டை. வில் பழையது, எடையும் ஏறக்குறைய பழையது, ஆகவே அமுக்கமும் பழையதே, வில் விறைக்கவில்லை. ஆனாலும் உயர்த்தியபின் விறைத்துவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். உடம்பு பொய் சொல்லாது. அப்படியானால் விறைப்பு எங்கிருந்து வந்தது?

அசைவிடத்திலிருந்து வந்தது. சக்கரம் மேலே ஏறவும் கீழே தொங்கவும் கிடைக்கும் மொத்தத் தூரத்தை அசைவிடம் என்று வைத்துக்கொள்வோம். மேலே எல்லை வகுப்பது ரப்பர் முட்டுக்கட்டை. கீழே, பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் நீளம். முன்பு மேலே 10 சென்டிமீட்டரும் கீழே 10 சென்டிமீட்டரும் இருந்தன என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உடலை ஏழரை சென்டிமீட்டர் உயர்த்திவிட்டு ஷாக்கைப் பழைய நீளத்திலேயே விட்டால், நிற்கும்போதே கீழே இருந்த இடத்தில் முக்கால்வாசி போய்விட்டிருக்கும். கீழே தொங்க மிச்சம் இரண்டரை சென்டிமீட்டர். சின்னப் பள்ளம் வந்தாலும் சக்கரம் அந்த இரண்டரையை ஒரு நொடியில் தின்றுவிடும். ஷாக் முழுதாக நீண்டு உள்ளே இரும்பில் இரும்பு முட்ட, 'டக்' என்று ஒரு சத்தம். அந்தக் கணத்தில் வில் இருந்தும் இல்லாத மாதிரிதான். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள அச்சும் சக்கரங்களும் வண்டியை நேரடியாகக் கீழே இழுக்கின்றன. பயணி உணர்வது மேலிருந்து விழுந்த அடி. உண்மையில் அது கீழிருந்து வந்த இழுப்பு.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. ஷாக்கின் பளபளக்கும் தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றை, சறுக்கி நகரும் அளவுக்கு இறுக்கி, உடற்குழாயின் விளிம்பில் ஒட்டவைத்து விடுவது. ஷாக் அமுங்க அமுங்கக் குழாய் அதைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வந்து பார்த்தால் மேல்நோக்கி எவ்வளவு தூரம் சக்கரம் போனது என்று அது நிற்கும் இடம் காட்டும். நண்பரின் முன் ஷாக்கில் கப்பிச் சாலையில் போய்வந்து பார்த்தபோது அது கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. மேலே தாராளமாக இடம் இருந்தும் வண்டி அதைப் பயன்படுத்தவே இல்லை. அடிகள் வந்தது மறுகோடியிலிருந்து.

அரிசோனாவுக்கு அருகிலேயே, மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில், 1967 முதல் நடக்கும் பாஹா 1000 பந்தயத்தில் ஓடும் டிரக்குகளும் உயரமானவைதான். முழங்கால் உயர மணல் அலைகளின் மேல் சக்கரங்கள் பித்துப்பிடித்ததுபோல் ஏறி இறங்க, உடல் மட்டும் தட்டில் வைத்ததுபோல் நகர்வதைக் காணொளிகளில் பார்க்கலாம். அங்கே வில் தளர்வு, ஷாக் நீளம், அசைவிடம் ஏராளம். உயரம் அந்த அசைவிடத்தின் விளைவாக வந்தது. கடையில் விற்கும் மலிவான உயர்த்தும் பொட்டலம் விளைவை மட்டும் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே நம்மை வழி தவறவிடுகிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். வாங்கியதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. அதிர்வு தணிப்பான் என்பதே சரியான பெயர். அலுவலகக் கதவின் மேல் இருக்கும், கதவு அறையாமல் மெல்ல மூடவைக்கும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எண்ணெய், அதைச் சிறு வழியில் பிதுக்கும் பிஸ்டன். ஷாக்கும் அதன் உறவுதான். ஆனால் வேலை கடினமானது. சக்கரம் மெதுவாக நகரும்போது, உதாரணமாக வளைவில் வண்டி சாயும்போது, இறுக்கிப் பிடிக்க வேண்டும். கல்லில் அடிபட்டு விருட்டென்று எழும்பும்போது விட்டுக்கொடுக்க வேண்டும். எண்ணெயின் இயல்போ நேர் எதிர். வாளித் தண்ணீரில் கையை மெல்ல இறக்கினால் வழிவிடும், ஓங்கி அறைந்தால் கல்லாக நிற்கும். சாதாரணத் துளை மட்டும் வைத்தால் தேவையான நேரத்தில் தளர்வும் தேவையற்ற நேரத்தில் விறைப்புமாக முடியும்.

இதை வென்ற விதம் எனக்கு அலுக்காத அதிசயம். பிஸ்டனின் துளைகளை மூடியபடி மெல்லிய எஃகு வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு கனம். மெல்லிய அழுத்தத்தில் அடுக்கு மூடியே இருக்கிறது. அடி பலமானால் ஓரங்கள் அப்பளம்போல் வளைந்து வழியைத் திறந்துவிடும். ஒரு தகட்டைக் கூட்டிக் குறைத்தாலே வண்டியின் நடத்தை மாறிவிடும். உயர்த்திய வண்டிக்கு நீளம் பொருந்திய, அந்த எடைக்கும் வில்லுக்கும் ஏற்பத் தகடுகள் அடுக்கிய ஷாக்தான் செலவுக்கேற்ற பலன் அதிகம் தருவது என்பது என் திடமான கருத்து. ஒரே ஷாக்கை எல்லா வண்டிக்கும் மாட்டுகிற இடத்தில் பணத்தைக் கொட்டுவதில் பயனில்லை.

உயர்த்தியபின் வரும் விறைப்புக்கு இன்னொரு காரணம் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். இந்த வகை டிரக்கில் முன்னச்சு முழு நீளத் தண்டு. அதை இடத்தில் பிடித்துவைப்பவை, பின்னாலிருந்து முன்னோக்கி நீளும் இரும்புக் கரங்கள். கடைக்கு முன் படியில் தள்ளுவண்டியை ஏற்றிப் பாருங்கள். பின்னாலிருந்து சாய்வாகத் தள்ளினால் சக்கரம் படியில் முட்டி நின்றுவிடும், எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு கீழே அமுங்கும். திருப்பிப் பிடித்து இழுத்தால் ஏறிவிடும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தக் கரங்கள் ஏறக்குறைய மட்டமாக இருக்கும். வண்டியை உயர்த்தினால் அச்சை நோக்கிச் சரிவாக இறங்கும். தள்ளுகிறவரின் கை மாதிரி. இப்போது அச்சு மேலே எழும்ப வேண்டுமானால் கூடவே முன்னோக்கியும் நகர வேண்டும், அதாவது அடித்த மேட்டையே எதிர்த்துப் போக வேண்டும். வில் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் அடி நேரே சட்டத்துக்குப் போகிறது. கரங்களின் பின்முனையைக் கீழே இறக்கிப் பிடிக்கும் தாங்கிகள் கிடைக்கின்றன. சாய்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவை.

கடைசியாக டயர். அதுவும் ஒரு வில், காற்றை அடைத்த வில். அழுத்தம் கூடினால் விறைக்கும். நண்பர் டயரின் பக்கச்சுவரில் 65 பிஎஸ்ஐ என்று பொறித்திருந்ததைப் பார்த்து ஏறக்குறைய அதுவரை காற்றடித்து வைத்திருந்தார். அந்த எண் உச்ச பாரத்தைச் சுமக்கத் தேவையான அழுத்தம், தினசரிக்கு அல்ல. எடைமேடையில் ஏற்றி ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே குறித்து, டயர் உற்பத்தியாளரின் சுமை அட்டவணையோடு ஒப்பிட்டோம். முன்னால் 45, காலியாக இருக்கும்போது பின்னால் 35 போதும் என்று வந்தது. சரிதானா என்று பார்க்க டயரின் முகத்தில் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகத் தீட்டி, தார்ச்சாலையில் நேராகச் சிறிது தூரம் ஓட்டினோம். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. எங்களுக்கு முழு அகலமும் சீராகத் தேய்ந்திருந்தது. சுமை ஏற்றினால் மறுபடி காற்றடிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன். குறைந்த காற்றில் பாரத்தோடு வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும்.

காற்றால் தீராத ஒரு குறை அந்த டயருக்கு உண்டு, அதன் எடை. இத்தகைய 35 அங்குல டயர் ஒன்று 30 கிலோவுக்கு மேல்; முன்பிருந்த வகைகள் 20 கிலோ சுற்றுவட்டாரத்தில் இருக்கும். வில்லுக்குக் கீழே இருக்கும் சக்கரம், அச்சு, பிரேக் எல்லாவற்றையும் சேர்த்து வில்கீழ் எடை என்று சொல்லலாம். மழைக்காலத்தில் களிமண் வயலைக் கடந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண் அப்பிக்கொள்ளுமே, அப்போது ஓடிப்பாருங்கள். தூக்கிய காலைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, வேண்டிய இடத்தில் வைக்கவும் முடியாது. கனத்த சக்கரமும் அப்படித்தான். மேட்டில் எழும்பியதும் வில்லால் அதை உடனே திருப்ப முடிவதில்லை.

கப்பிச் சாலையில் குறுக்காகத் தோன்றும் அலைவரிகளில்தான் இது அதிகம் படுத்தும். அந்த வரிகளே ஒரு தனிப் புதிர். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுழலும் மேசையில் மணலைப் பரப்பி அதன் மேல் ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். சக்கரத்தில் வில் இல்லாவிட்டாலும், வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் மணலில் அலைகள் தாமே எழுந்தன. சாலை மோசமாகச் சக்கரமும் வேகமும் மட்டுமே போதும்.

நண்பர் முதலில் காற்றைக் குறைத்தார். அதற்குச் செலவே இல்லை. இரண்டு மாதம் கழித்து நீளமான ஷாக்குகளும் கரங்களை இறக்கும் தாங்கிகளும் மாட்டினார். பின் வில்லைத் தொட வேண்டாம் என்றேன், ஒரு பட்டையைக் கழற்றினால் சொகுசு கூடும்தான், சுமக்கும் திறன் போய்விடும். அவர் ஆண்டுக்கு இரண்டு முறை படகு இழுக்கிறவர். பதிலுக்கு, பெட்டியில் பின்னச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை அடுக்கி, நகராதபடி கட்டிவைத்தார். அதே கப்பிச் சாலையில் போய்வந்து முன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். தண்டில் இருந்த கட்டுப்பட்டை இம்முறை ஒரு சாண் நகர்ந்து, செம்புழுதியில் ஒரு பளபளப்பான கோடு போட்டிருந்தது.